கொம்பும் காலும் போன செய்தி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும் என்று அம்மா சொல்வாள். நான் பார்த்ததில்லை. கோபம் வந்த நேரத்தில் கண்ணாடி முன்னால் போய் நிற்க யாருக்குப் பொறுமை? ஆனால் ஒன்று சொல்கிறேன், என் வேலைக்கு அந்தக் கோபம்தான் முதலீடு. ஊரார் பணத்தை எவனாவது ஏப்பம் விட்டான் என்று காதில் விழுந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதையே எழுதி அச்சில் பார்த்துவிட்டால் இரண்டு தட்டு சாப்பிடுவேன். இத்தனை வருஷமும் இப்படித்தான் ஓடியது, நன்றாகத்தான் ஓடியது.

எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார், பின்னாலேயே பேப்பர்காரர்களுக்கும் இங்கே ஆள் தேவைப்பட்டது. நான் அப்போது பி.காம். முடித்துவிட்டு, கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே போகிற எங்கள் கிராமத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அப்பாவுக்கு இருந்த நிலத்தில் பாதி நெல், பாதி மல்லாட்டை. அவருக்கு இருந்த ஆசையோ ஒன்றே ஒன்று, நான் பேங்க்கில் உட்கார வேண்டும். ஃபேனுக்குக் கீழே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், அவர் நகைக்கடன் வாங்க வரும்போது தெரியாதவள் மாதிரி ஃபாரம் நீட்ட வேண்டும். நானோ மாவட்டத்துக்கு நிருபர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் சொல்லாமல் எழுதிப் போட்டு, வேலையும் வாங்கிவிட்டேன்.

வேலை என்றால் சம்பளம் கிடையாது. வந்த செய்தியை மாசக் கடைசியில் ஸ்கேல் வைத்து அளந்து அந்த நீளத்துக்குக் காசு. இதைக் கேட்டதும் அப்பா, அளந்து காசு கொடுக்க அதென்ன ஜாக்கெட் துணியா என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஊரில் யார் கேட்டாலும் பொண்ணு பேங்க்கில் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏன் இப்படிப் புளுகுகிறீர்கள் என்று சண்டைக்குப் போனால், தினமும் பேங்க்குக்குத்தானே போகிறாய் என்பார். போனது வாஸ்தவம்தான். நகை ஏல நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களா என்று பார்க்கப் போவேன்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் ரூம் எடுத்தேன். மற்ற நிருபர்கள் கோயில், அரசியல், கொலை என்று ஓடினார்கள். பி.காம். படித்தவள் என்பதால் யாருக்கும் வேண்டாத ஐந்தொகை எல்லாம் என் தலையில் விழுந்தது. வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் ஒரே தாளில் காட்டுவார்களே, அதுதான் ஐந்தொகை. அடேங்கப்பா, அதில் இருக்கிற சுவாரசியம் எந்தத் தொடர்கதையில் இருக்கிறது? ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்து ஐந்தொகையில், மாட்டுத் தீவனத்துக்கு ஆன செலவைவிட டீ வாங்கிய செலவு ஜாஸ்தி. பாலைக் கையில் வைத்துக்கொண்டு டீயை வெளியே வாங்கிக் குடித்த சங்கம்! அதை எழுதினேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அதைப் படித்து நாலு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்று தெரியாத மாதிரி வடை தின்றேன். அந்த வடை ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஊருக்குத் தேக்குப் பைத்தியம் பிடித்தது. இன்று ஒரு மரத்துக்குக் கொஞ்சம் பணம் கட்டினால், இருபது வருஷம் கழித்து வெட்டும்போது கோணி நிறையப் பணம் என்று கம்பெனி கம்பெனியாய்க் கிளம்பினார்கள். எங்கள் ஊரில் கிளம்பிய கம்பெனிக்குத் தோப்பு கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் என்று சொன்னார்கள். அவர்கள் மூளையைப் பாராட்டத்தான் வேண்டும். பௌர்ணமிக்கு மலையைச் சுற்ற வருகிற கூட்டத்தைக் குறிவைத்தார்கள். ராத்திரி முழுக்க வெறுங்காலில் மலையைச் சுற்றிவிட்டு, காலையில் கண் செருகி உட்கார்ந்திருப்பவர்களிடம் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, இட்லி பொங்கல் கொடுத்து, வாங்க உங்க மரத்தைக் காட்டுறோம் என்பார்கள். அந்த அசதியில் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் ஜனம் போடும்.

இந்தக் கம்பெனி ஒரு கல்யாண மண்டபத்தில் விழா எடுத்தது. பேப்பருக்கு விளம்பரம் கொடுத்திருந்தார்கள், அதனால் செய்தியும் வர வேண்டும், போய்ட்டு வா என்று மேலேயிருந்து உத்தரவு. போனேன். மேடையில் ஜரிகை வேட்டியில் ஒரு வெள்ளைக்காரர். வெளிநாட்டு வன நிபுணர், நம்ம தோப்பைப் பார்த்து அசந்துபோய்விட்டார் என்று மேனேஜர் மைக்கில் அறிமுகப்படுத்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த மனுஷன் எங்கள் தெருமுனைக் கடையில் தினமும் இஞ்சி டீ குடிக்கிறவர். கழுத்தில் ‘மௌனம்’ என்று எழுதிய அட்டை தொங்கும். மாசக்கணக்காய் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவர் தேக்கைப் பற்றி என்னத்தைச் சொல்லியிருக்கப் போகிறார்? பொன்னாடை போர்த்தினார்கள், அவர் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம் மேனேஜர் மைக்கைப் பிடித்து, இந்த வருஷம் நூறு ஏக்கரில் தேக்கு நட்டோம், அடுத்த வருஷமும் நடுவோம் என்று மார்தட்டினார்.

அன்று சாயங்காலம் கரண்ட் இல்லை, ஃபேக்ஸ் ஓடவில்லை. தேரடிப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் நின்று போனிலேயே செய்தியைச் சொன்னேன். வெளியே ஏதோ கல்யாண ஊர்வலம், நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளந்தன. அந்தப் பக்கம் எழுதிக்கொண்டவர் தெற்கத்திக்காரர். எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘நட்டோம்’ என்கிற ஓகாரம் முழுசாக வெளியே வராது, ‘நட்டம்’ என்றுதான் வாயிலிருந்து விழும். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார், நானும் தொண்டை கிழியத் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் அவர், ஓ, நட்டமா, சரி சரி, பாவம் என்றார். எதற்குப் பாவம் என்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

காலையில் விளங்கியது. மாவட்டப் பக்கத்தில், நாலு பத்தி அகலத்தில், ‘நூறு ஏக்கர் தேக்கு நட்டம், அடுத்த ஆண்டும் தொடரும்: மேலாளர் மகிழ்ச்சி’ என்று வந்திருந்தது.

நஷ்டத்தை எங்கள் பேப்பர் நல்ல தமிழில் நட்டம் என்றுதான் எழுதும். ஒரு எழுத்துக்குக் கொம்பும் காலும் போனதில், மரம் நட்ட கம்பெனி மஞ்சக் கடுதாசி கொடுக்கிற கம்பெனியாகிவிட்டது. அதிலும் அந்த ‘மேலாளர் மகிழ்ச்சி’! நான் டீக்கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பத்து மணிக்கெல்லாம் கம்பெனி வாசலில் கூட்டம் நெரிந்தது. நஷ்டமாம், அதில் மேனேஜருக்கு மகிழ்ச்சியாம், எங்க பணத்தை வை என்று ஜனம் ஆடித் தீர்த்தது. சத்தமாய்க் கத்திய சிலருக்குப் பணத்தைக் கொடுத்து அனுப்பினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். சாயங்காலத்துக்குள் எங்கள் தலைமை அலுவலகத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போய்விட்டது. முதல் பக்கத்தில் திருத்தமும் மன்னிப்பும் போட வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட். அத்தோடு அந்த நிருபரை வேலையை விட்டுத் தூக்க வேண்டும்.

கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் போனுக்கு நியூஸ் எடிட்டர் கூப்பிட்டார். அவரை நான் நேரில் பார்த்ததே கம்மி. எப்போதும் வயிற்று வலிக்காரர் மாதிரிதான் பேசுவார். தப்பு உன்னுது இல்லைனு தெரியும், ஆனா நோட்டீஸ் வந்துடுச்சே, ‘நட்டோம்’னு திருத்திப் போட்டுடுறோம், உன் கார்டைத் தபாலில் அனுப்பிடு என்றார். கார்டு என்றால் நிருபர் அடையாள அட்டை. எனக்குக் காது சிவந்திருக்கும், நிச்சயம்.

“சார், ‘நட்டோம்’னு திருத்தினா நட்டாங்கனு நாமளே சத்தியம் பண்ற மாதிரி. நட்டாங்களானு யாரு சார் போய்ப் பார்த்தது?” என்று கேட்டேன்.

 யாரும் பார்க்கலை என்றார். அப்போ நான் பார்த்துட்டு வரேன், அதுவரைக்கும் திருத்தம் வேண்டாம் என்றேன். அவர் கணக்குப் போட்டார். பௌர்ணமி வருகிறது, அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன், அதற்குள் எதுவும் கையில் இல்லையென்றால் மன்னிப்பும் வரும், நீயும் வீட்டுக்குப் போகலாம் என்றார். வீட்டுக்குப் போனால் என்ன காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பேங்க் பரீட்சை புஸ்தகம். எனக்கு இந்த வேலை வேண்டும். டீக்கடையில் நாலு பேர் படித்துச் சிரிக்கிற அந்த வேலைதான் வேண்டும்.

பௌர்ணமியன்று நானும் மலையைச் சுற்றினேன். சும்மா வேஷத்துக்குச் சுற்றவில்லை. வேண்டிக்கொண்டேதான் சுற்றினேன், பாதி வழியில் அடி அண்ணாமலை தாண்டும்போதே இரண்டு காலிலும் கொப்புளம். காலையில் நெற்றி நிறைய விபூதி, தலைக்கு முக்காடு. கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்தேன். மேனேஜர் வரவில்லை, என்னை அடையாளம் தெரியாத ஏஜெண்ட் பையன்கள்தான் இருந்தார்கள். பக்கத்து சீட்டில் ஏற்கெனவே பணம் கட்டியிருந்த ஒரு குடும்பம், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் தூக்கம் சொக்கியது. வேன் குலுங்கும்போதெல்லாம் அந்த அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எனக்கும் தூக்கம்தான், ஆனால் ஏஜெண்ட் கொடுத்த பொங்கலைப் பற்றி மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

தோப்பு ரோட்டோரமாகவே இருந்தது. முன்னால் நாலு வரிசை தேக்கு, ஆளுயரத்துக்கு மேலே, தளதளவென்று. ஒவ்வொரு மரத்திலும் கம்பியில் கோர்த்த முழ நீளத் தகர நம்பர். பின்பக்கம் மருந்து அடிச்சிருக்கு, உள்ளே யாரும் போகாதீங்க என்று ஏஜெண்ட் முன்கூட்டியே சொல்லிவிட்டான். என் பக்கத்து சீட்டுக் குடும்பத்துக்கு ஒரு மரத்தைக் காட்டி, இதுதான் உங்க நம்பர் என்றான். அப்புறம் நடந்ததை நம்ப மாட்டீர்கள். அந்த அம்மா மடியிலிருந்து மஞ்சள் கயிறு எடுத்தாள். மலை சுற்றப் புறப்படும்போதே வாங்கி முடிந்து வைத்திருக்கிறாள். மரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கயிற்றைக் கட்டி, புருஷனோடு மரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேனில் வந்த அத்தனை பேரும் அதையே செய்தார்கள். நம்ம ஜனங்களுக்கு எதையாவது சொந்தம் என்று சொல்லிவிட்டால் போதும், பொட்டு வைத்துவிடுவார்கள்.

வேன் கிளம்பும்போது எனக்கு வயிறு சரியில்லை, அடுத்த வேனில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மல்லாட்டைக் கொல்லைப் பக்கம் ஒதுங்கினேன். ஆமாம், மல்லாட்டை விளைகிற கொல்லை. நாலு வரிசைத் தேக்குக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் மல்லாட்டைதான் பூ வைத்திருந்தது. மருந்தும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வரப்பில் குந்திக்கொண்டு பார்த்தேன். பையன்கள் பழைய தகரத்தை எல்லாம் கழற்றி வேற தகரத்தை மாட்டினார்கள். ஒருத்தன் ஈரத் துணியால் குங்குமத்தைத் துடைத்தான். அடுத்த வேன் வந்தது. அதே மரத்தை வேறொரு குடும்பத்துக்குக் காட்டினார்கள். அவர்களும் பொட்டு வைத்துக் கயிறு கட்டினார்கள்.

எல்லாரும் போன பிறகு தோப்புக்குள் வந்தேன். தண்ணி ஊற்றுகிற ஒரு அம்மா மட்டும் குடத்தோடு இருந்தாள். நான் ஒரு மரத்தின் தகரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் மஞ்சள் கயிறு, கயிற்றின் மேல் கயிறு, முழங்கை நீளத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி. பழசு வெளுத்தும் புதுசு பளிச்சென்றும். பக்கத்து மரத்திலும் அப்படியே. இதை ஏன் அறுக்காமல் விட்டார்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அறுக்கச் சொன்னாங்க, நான் மாட்டேன்னுட்டேன், அந்தப் பசங்களும் பயந்துகினு தொடலை, யாரோ புருஷன் பெண்டாட்டியா நின்னு கட்டினதை எவன் அறுப்பான், பாவமில்ல என்றாள். குங்குமத்தைத் துடைக்கலாம், கயிற்றை மட்டும் அறுக்க முடியாது. ஊரையே ஏய்க்கிற கூட்டத்துக்கு மஞ்சள் கயிற்றிடம் அவ்வளவு பயம்! என் சின்னக் கேமராவில் ஃபிலிம் தீரும் மட்டும் எடுத்தேன். கால் கொப்புளம் உடைந்துபோனதுகூடத் தெரியாமல் ரோட்டுக்கு ஓடினேன். அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷம் மறுநாள் சாயங்காலம் வரைக்கும்தான். நான் பஸ்ஸில் அனுப்பிய ஃபிலிமைக் கழுவிப் பார்த்து, வக்கீலிடமும் கேட்டுவிட்டு நியூஸ் எடிட்டர் போனில் சொன்னார். போட்டோ பிரமாதம், ஆனால் கோர்ட்டில் கயிறு வந்து பேசாது. பணம் கட்டினவர் ஒருத்தராவது, ஆமாம் நான் ஏமாந்தேன் என்று பேரும் ஊரும் போட்டோவும் கொடுக்க வேண்டும். ஒரே ஒருத்தர் போதும். ஆனால் அது இல்லாமல் இந்தச் செய்தியை அச்சேற்ற முடியாது, ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புதான் வரும்.

ஒருத்தர்தானே என்று கிளம்பினேன். அப்பப்பா, அந்த அலைச்சல்! கம்பெனியில் பணம் கட்டினவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள், ஏமாந்தவர் மட்டும் ஒருத்தர்கூட இல்லை. ஒரு வாத்தியார், பசங்க போர்டில் மரம் வரைஞ்சு வெச்சுடுவாங்கம்மா என்றார். ஒரு மளிகைக் கடைக்காரர், பெண்டாட்டிக்கே தெரியாமல் கட்டினதைப் பேப்பரில் போடச் சொல்கிறாயா என்று தராசுத் தட்டைத் தட்டினார். ஒரு பெரியவர், நீ எழுதித்தான் கம்பெனி கவிழப் போகுது, வாயை மூடிக்கிட்டு இருந்தா எங்க பணம் வந்துடும் என்று என்னையே ஏசினார். திட்டு வாங்கியதில் வருத்தமில்லை. ஏமாற்றியவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறான், ஏமாந்தவன் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்துகிறான். அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை காலையில் எல்லாம் முடிந்துபோயிற்று என்று முடிவுக்கு வந்து, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன். அம்மா சோறு போட்டாள். தட்டின் முன்னால் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அந்தத் தலைப்பைச் சொன்னபோது அம்மா புரையேறச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. கடைசியில், சரி, உங்க ஆசைப்படியே பேங்க் பரீட்சை எழுதுறேன் என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா துண்டால் முகத்தை ஒரு முறை துடைத்தார்.

“எங்கிட்ட ஒரு மரம் இருக்கு பாப்பா” என்றார்.

“என்ன மரம்?”

“தேக்கு. அந்தக் கம்பெனிலதான்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சோற்றுக் கையோடு எழுந்து நின்று கத்தினேன். நீங்கள் ஒரு விவசாயி, பிறந்ததிலிருந்து மண்ணில் கிடக்கிறவர், நம்ம கொல்லையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற தோப்பு, அங்கே மல்லாட்டை இருக்கிறது என்றுகூடவா பார்க்கவில்லை என்று. பார்த்தேன் என்றார். வாங்கினப்புறம்தான் பார்த்தேன். மரத்தை வேனில்தான் காட்டுவோம் என்று சொன்னதால், பக்கத்தூர்த் தோப்பைப் பார்க்க டவுனுக்கு பஸ்ஸில் போய் அங்கிருந்து அவர்கள் வேனில் திரும்பி வந்தாராம். முன்னால் தேக்கு, பின்னால் மல்லாட்டை என்று பார்த்த உடனே தெரிந்துபோயிற்றாம். வெளியே சொன்னால் வெட்கக்கேடு என்று வாயை மூடிக்கொண்டாராம். அம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும்.

எதுக்குப்பா வாங்கினீங்க என்று கேட்டேன்.

“நீ பேப்பரை விடமாட்டனு எனக்கு எப்பவோ தெரியும். அதுல பென்ஷன் கிடையாதுனு சொன்னாங்க. வயசாச்சுனா உனக்கு ஒண்ணு வேணுமேனு உன் பேர்ல வாங்கினேன்.”

 நான் பேங்க்கில் இருக்கிறேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், நான் சாகும் வரைக்கும் பேப்பரில்தான் இருப்பேன் என்று மனசுக்குள் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டார். எனக்குத்தான் அது தெரியவில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எப்படிச் சொல்ல? மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

அவரே ஆரம்பித்தார். என் பேரைப் போட்டுக்கோ, ஊரைப் போட்டுக்கோ, போட்டோவும் போட்டுக்கோ என்றார். ஊரே சிரிக்கும்பா என்றேன். சிரிக்கட்டும் என்றார். ஆனால் ஒன்றே ஒன்று, விவசாயி என்று மட்டும் போட வேண்டாம், வியாபாரி, கூலி, என்னத்தை வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்றார். மரம் விஷயத்தில் விவசாயி ஏமாந்தான் என்று வந்தால் கொல்லையில் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பது?  என்னால் பொய் எழுத முடியாது, அவரைக் கட்டாயப்படுத்தவும் வாய் வரவில்லை. அவர் கை கழுவப் போனார். தண்ணித் தொட்டிக்கிட்ட ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்து சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“விவசாயினே போடு. விவசாயியே ஏமாந்தான்னாதான் மத்தவன் உஷாரா இருப்பான்.”

இரண்டு பேரும் பஸ் பிடித்து டவுனுக்கு வந்தோம். ஏமாந்தவர் வாயாலேயே வக்கீல் கேட்க வேண்டும் என்று நியூஸ் எடிட்டர் சொல்லியிருந்தார். அதே தேரடி பூத்துதான். வெளியூருக்குப் பேசுவதென்றால் அந்த ஊர் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்த வேண்டும் என்பது அப்பாவின் நம்பிக்கை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் பேர், தாத்தா பேர், ஊர் பேர் எல்லாம் சொல்லி, “நான் விவசாயிங்க, தேக்கு மரத்துல ஏமாந்துட்டேங்க” என்று கத்தினார். தேரடியே திரும்பிப் பார்த்தது. பூத்து வாசலில் முறைக்காகக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பா அவர்களைத் திரும்பிப் பார்த்து, தானும் சிரித்தார். மறுபடி ரிசீவரில், ஆமாங்க, இந்தப் பொண்ணு என் பொண்ணுதாங்க, அதையும் போட்டுக்குங்க என்றார்.

சிரித்தவர்களில் ஒருத்தர் மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தார். தராசுத் தட்டைத் தட்டிய அதே மளிகைக் கடைக்காரர். அப்பா வெளியே வந்ததும் பக்கத்தில் போய், எத்தனை மரங்க என்று மெதுவாகக் கேட்டார். ஒண்ணுதான் என்றார் அப்பா. எனக்கு அஞ்சுங்க என்றார் அவர். அப்புறம் என்னைப் பார்த்து, என் பேரையும் எழுதிக்கம்மா, வீட்டுல நானே சொல்லிக்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை திருத்தம் வரவில்லை. முதல் பக்கத்தில் மஞ்சள் கயிறு சுற்றிய மரமும், அதற்குக் கீழே அப்பாவும் வந்தார்கள். ‘ஏமாந்த விவசாயி, இச்செய்தியை எழுதியவரின் தந்தை’ என்று போட்டிருந்தது. திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வாத்தியார் வந்து நின்றார், என்னை ஏசிய பெரியவரும் வந்தார், எனக்குத் தெரியாத யார் யாரோ வந்தார்கள். மேனேஜர் அதற்குள் கம்பி நீட்டப் பார்த்து, பஸ் ஸ்டாண்டில் ஜனங்களிடமே மாட்டிக்கொண்டார். பணம் எல்லாருக்கும் முழுசாக வந்தது என்று சொன்னால் பொய். கொஞ்சம் கொஞ்சமாய், கோர்ட் வழியாய், பாதிக்கு மேல் வந்தது. என் கார்டு என்னிடமே இருந்தது. அந்த வருஷமே ஸ்கேல் வைத்து அளப்பதை விட்டுவிட்டு மாசச் சம்பளம் போட்டார்கள்.

ஊர்க்காரர்கள் ஒரு மாசம் அப்பாவைத் ‘தேக்கு’ என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு அது பிடித்துப்போயிற்று என்றுதான் நினைக்கிறேன். அதற்கப்புறம் சீட்டு, தங்கக் காசு, ஆட்டுப் பண்ணை என்று எத்தனையோ கம்பெனிகளின் வண்டவாளத்தை எழுதினேன். இரண்டாயிரம் பிறந்த பிறகும் இதே ஊரில் இதே வேலைதான். ஒவ்வொரு தடவையும் இடித்த இடம் ஒன்றேதான், பேரைக் கொடுக்க ஒருத்தரும் வரமாட்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, நானும் வரேன் என்று என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

ஒரு தடவை ரிட்டயரான ஒரு தாசில்தார் வீடு. ஆட்டுப் பண்ணையில் மொத்தத்தையும் போட்டுவிட்டு, எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். எனக்குக் காது சூடேறத் தொடங்கியது. அப்பா நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் தொடையில் கை வைத்து, ரொம்ப நாள் பழகினவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்.

“எனக்குத் தேக்குங்க. உங்களுக்கு எத்தனை ஆடு?”

தாசில்தார் அவரையே பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே திரும்பி டீ போடச் சொன்னார். நான் பேனாவைத் திறந்தேன். அவர் தன் பேரை எழுத்துக் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தார்.